கேட்கும் மலை: கள்ளக்குறிச்சி, கல்வராயன் வட்டாரத்தில் வானொலியும் நாட்டார் இசையும்

ஆய்வுச் சுருக்கம்

கள்ளக்குறிச்சிச் சமவெளியும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையும் 1939 முதல் வெளியூர் வானொலி நிலையங்களின் ஒலிபரப்பெல்லைக்குள் இருந்து வந்துள்ளன. இந்நிலையங்கள் கிராமத்துக்கென நிகழ்ச்சிகளைத் தயாரித்தன. நாட்டார் இசைக்குத் தனி இடமும் ஒதுக்கின. ஆயினும் இவ்வட்டாரம் கேட்கும் இடமாக இருந்த அளவுக்குப் பாடும் இடமாக இருக்கவில்லை. இதற்கு அதிகாரிகளின் அலட்சியத்தைக் காரணமாகக் கூறுவது போதிய விளக்கமன்று. ஒலிபரப்பின் கால அளவு, இசை வகைப்பாடு, அலைவீச்சின் இயல்பு ஆகியவை இங்குள்ள கலைவடிவங்களோடு எவ்வாறு முரண்பட்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வானொலி, திருச்சி நிலையம், தெருக்கூத்து, மலையாளிப் பழங்குடியினர், சமுதாய வானொலி, கல்வராயன் மலை

முன்னுரை

தமிழ்நாட்டு ஒலிபரப்பு வரலாறு பெரும்பாலும் முதன்மைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1924இல் சென்னையில் தொடங்கிய வானொலி மன்றம், 1930 ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநகராட்சி மேற்கொண்ட ஒலிபரப்பு, 1977இல் சென்னையில் நடந்த இந்தியாவின் முதல் பண்பலைச் சோதனை, 1984 அக்டோபர் 30இல் நாகர்கோவிலில் தொடங்கிய நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம், 2004 பிப்ரவரி 1இல் ஒலிக்கத் தொடங்கிய முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா பண்பலை என இப்பட்டியல் நீள்கிறது. பெருமைக்குரிய பட்டியல்தான். ஆனால் நிலையங்கள் இருந்த ஊர்களிலிருந்தே இவ்வரலாறு எழுதப்பட்டுள்ளது. நிலையம் இல்லாத ஊர்களில் வானொலி என்னவாக இருந்தது என்ற வினா அதில் இடம்பெறுவதில்லை.

அவ்வினாவை எழுப்புவதற்குக் கள்ளக்குறிச்சி பொருத்தமான இடம். தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்து, 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குள் அடங்கி, 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது இப்பகுதி. நேர்கோட்டில் அளந்தால் திருச்சி ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தெற்கிலும், புதுச்சேரி 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிழக்கிலும், சென்னை 200 கிலோமீட்டர் வடகிழக்கிலும் உள்ளன. தருமபுரியும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். ஆனால் இடையில் கல்வராயன் மலை நிற்கிறது. நான்கு நிலையங்களுக்கும் இவ்வட்டாரம் விளிம்பு. எதற்கும் மையம் அன்று.

திருச்சியிலிருந்து வந்த குரல்

அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1939 மே 16இல் 5 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பியுடன் தொடங்கியது. ஓராண்டுக்கு முன், 1938 ஜூன் 16இல், சென்னை நிலையம் தொடங்கியிருந்தது. சென்னையின் மத்திய அலை ஒலிபரப்பி நகரை மட்டுமே எட்டக்கூடிய சிறு ஆற்றல் கொண்டது. தொலைவுக்கு அது சிற்றலையையே நம்பியது. ஆகவே தமிழகத்தின் உள்நாட்டுக் கிராமங்களுக்கு மத்திய அலையில் பேசிய முதல் நிலையம் என்று திருச்சியைத்தான் கூற வேண்டும். 1947இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவுக்குக் கிடைத்த 6 நிலையங்களுள் 2 தமிழ்நாட்டில் இருந்தன. அந்த 6 நிலையங்களும் சேர்ந்து நாட்டின் பரப்பில் 2.5 விழுக்காட்டையும் மக்கள்தொகையில் 11 விழுக்காட்டையும் எட்டின என்பது வானொலித் துறையின் கணக்கு.

ஒலிபரப்பி இருந்தால் மட்டும் போதாது, பெட்டி வேண்டும். தனியார் வீட்டில் பெட்டி என்பது நெடுங்காலம் மிராசுதாரர், வணிகர், அரசு அலுவலர் வீடுகளோடு நின்றது. கிராமத்தின் பொதுக் காது பஞ்சாயத்து வானொலிதான். பூங்காவிலோ பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையை ஒட்டியோ ஒரு சிறு அறை, அதனுள் பூட்டிய பெட்டி, கூரைமேல் ஒலிபெருக்கி, மாலையில் வந்து திருப்பிவிட ஓர் ஆள். 1950களில் கிராம மின்மயமாக்கம் விரைவுற்றபோது இவ்வறைகளும் பெருகின. எந்த நிலையத்தை எப்போது கேட்பது என்பதைத் திறவுகோல் வைத்திருந்தவர் முடிவு செய்தார் என்பதும், ஒலிபெருக்கி எந்தத் தெருவை நோக்கி நின்றது என்பதும் சாதிவழிப் பிரிந்த ஊரமைப்பில் சிறிய செய்திகள் அல்ல.

1956இல் பூனா வட்டாரத்தின் 150 கிராமங்களில் யுனெஸ்கோ துணையோடு நடந்த வானொலிக் கிராம மன்றச் சோதனை இவ்வமைப்புக்கு ஒரு கொள்கை வடிவம் தந்தது. கேட்டல், விவாதித்தல், செயல்படல் என்பதே அதன் முழக்கம். பால் நியூராத் தலைமையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் செய்த மதிப்பீடு சாதகமாக அமைந்தது. 1959 முதல் இத்திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. 1966இல் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கின. தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் வகை 'ரேடியோ நெல்' என்றே வழங்கப்பட்டது, திருச்சி வானொலியின் வழியே உழவர்கள் அதை அறிந்ததனால். வளர்ச்சித் தொடர்பியல் நூல்கள் இன்றும் மேற்கோள் காட்டும் நிகழ்வு இது.

அந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அதன் திசையைக் கவனிக்க வேண்டும். ஆய்வு நிலையத்தில் உருவான விதை வானொலி நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து வயலுக்குச் சென்றது. பூனாச் சோதனையில் கிராமத்தின் கேள்விகள் மடலாக நிலையத்துக்குத் திரும்பிச் சென்றன என்பது உண்மை. அவற்றைத் தேர்ந்து விடையளித்தவர் நிலையத்தில் இருந்தார். இதே திசையில்தான் இசையும் பயன்படுத்தப்பட்டது. குடும்பநலம், சிறுசேமிப்பு, உரம் பற்றிய செய்திகள் வில்லுப்பாட்டாகவும் கும்மி மெட்டாகவும் ஒலித்தன. வில்லுப்பாட்டு நெல்லை, குமரி வட்டாரங்களின் கலை. கள்ளக்குறிச்சிக் கிராமத்து ஒலிபெருக்கியில் அது ஒலித்தபோது கேட்டவருக்கு அது இன்னொரு நாட்டின் பாட்டு. எனினும் நிலையத்தின் அறிவிப்பில் அது 'கிராமிய இசை'. ஒரு வட்டாரத்தின் வடிவம் எல்லாக் கிராமங்களுக்கும் பொதுவான கிராமியமாக மாறிய இடம் இதுவே.

கால்மணி நேரமும் ஒரு முழு இரவும்

'கிராமிய இசை' என்ற சொல்லாட்சி வானொலியினுடையது. ஆய்வுலகம் நாட்டுப் பாடல், நாட்டுப்புறப் பாடல், நாட்டார் பாடல் என்று பெயர்களை மாற்றி மாற்றி விவாதித்தது, நா. வானமாமலையின் தொகுப்புகளும் அவர் நடத்திய 'ஆராய்ச்சி' இதழும் அவ்விவாதத்துக்கு வழிகோலின. வானொலியில் கருநாடக இசை, பக்தி இசை, மெல்லிசை, கிராமிய இசை என்னும் வகைப்பாடு நிலைத்தது. ஒவ்வொரு வகைக்கும் குரல் தேர்வு உண்டு, தரவரிசை உண்டு, ஊதிய விகிதம் உண்டு. அகில இந்திய வானொலியின் இசை நிருவாகத்தை ஆராய்ந்த டேவிட் லெலிவெல்ட், இசையை ஆள்வது பண்பாட்டை ஆள்வதாக மாறிய வழியை விளக்கியுள்ளார். அவரது கவனம் இந்துஸ்தானி இசையின் மீதே அமைந்தது. அதே நிருவாகம் ஒரு கூத்துக் குழுவுக்கு என்ன செய்தது என்பது இன்னும் போதிய அளவில் எழுதப்படாத பகுதி.

கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை, சங்கராபுரம் வட்டாரங்களின் முதன்மையான கலை தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நாள்தோறும் தொடர்ந்து, படுகளத்திலும் தீமிதியிலும் முடிகின்றன. ஆல்ஃப் ஹில்டெபெய்டெல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலின் முதல் தொகுதி (1988) இதற்கு அண்மையிலுள்ள செஞ்சியை மையமாகக் கொண்டது. உளுந்தூர்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரையில் நடைபெறும் கூத்தாண்டவர் திருவிழா, களப்பலியான அரவானின் கதையைச் சடங்காகவே நிகழ்த்துகிறது. இவ்வட்டாரத்தில் இசை என்பது கதையோடும் கோயிலோடும் இரவோடும் பிணைந்தது.

ஒரு கூத்து இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியலில் முடிகிறது. கட்டியக்காரன் வந்து அவையை வணங்கிப் பேசத் தொடங்குவதற்கு முன்பே மிருதங்கமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் நெடுநேரம் முழங்கியிருக்கும். அம்முழக்கம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கான அழைப்பு. திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் பாடும் வரவுப் பாட்டு, அதைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவது, இடையே கட்டியக்காரன் ஊர் நடப்பை இழுத்து வைத்து எள்ளுவது ஆகியவை சேர்ந்ததுதான் கூத்து. இதிலிருந்து கால்மணி நேரத்துக்கு ஒரு பாட்டைத் துணித்து எடுக்க முடியும், எடுத்தும் உள்ளனர். ஆனால் துணித்தெடுத்த பாட்டில் கதை நிகழும் காலம் இல்லை. பாஞ்சாலியின் சூளுரைக்கு முன்னால் நான்கு மணி நேரம் இருக்கிறது. அந்த நான்கு மணி நேரத்தால்தான் அச்சூளுரைக்கு எடை வருகிறது.

கருவியின் கதை இன்னும் கூர்மையானது. அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் ஆர்மோனியத்தைத் தன் ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. அதன் நிலைத்த சுரங்கள் இந்திய இசையின் கமகத்துக்கும் நுண்சுருதிக்கும் ஒவ்வாதவை என்பது வாதம். 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. செவ்வியல் இசையை எண்ணி எடுத்த முடிவு அது. ஆனால் அந்த முப்பதாண்டுகளில் தமிழ்நாட்டின் நாடக மேடையும் கூத்து மேடையும் ஆர்மோனியத்தைத் தம் மூச்சாகவே கொண்டிருந்தன. சங்கீத ராகத்தின் தூய்மையைக் காக்கப் போட்ட வேலி, ஆர்மோனியப் பெட்டியைத் தலைச்சுமையாக ஊர் ஊராகத் தூக்கிச் சென்ற கலைஞரையும் வெளியே நிறுத்தியது. கூத்தை எதிர்த்து யாரும் ஆணையிடவில்லை என்பதையே இங்குக் குறிப்பாகக் கருத வேண்டும். கூத்து அம்முடிவின் பார்வையிலேயே இல்லை.

ஒலிபரப்பு நெறிமுறையும் இவ்வாறே. ஆபாசம், அவதூறு, சமயங்களையோ கட்சிகளையோ பெயர் சுட்டித் தாக்குதல், அரசுகளைப் பகைமையோடு விமர்சித்தல் ஆகியவற்றை அது விலக்குகிறது. அரசு ஊடகத்துக்கு இவை நியாயமான வரம்புகளே. ஆனால் கட்டியக்காரனின் பேச்சு ஏறத்தாழ இவ்வரம்புகளின் மறுபக்கத்தில்தான் வாழ்கிறது. அவன் மன்னனையும் மணியக்காரரையும் ஒரே மூச்சில் கேலி செய்கிறான், கொச்சையில் பேசுகிறான், தன் சாதியையும் பார்ப்போர் சாதியையும் தொட்டுச் செல்கிறான். அவனை நீக்கிய கூத்தைத்தான் கலையகத்துக்குள் கொண்டுவர முடியும்.

பிற பாடல்களுக்கு வேறு வகைச் சிக்கல். நடவுப் பாட்டின் ஓசை குனிந்து பின்னகரும் உடலின் ஓசை; கலையகத்தில் ஒலிவாங்கியின் முன் நின்று பாடும்போது மூச்சு வேறு இடத்தில் முறிகிறது. ஒப்பாரியைச் சாவில்லாத வீட்டில் பாடுவது தீக்குறி என்று கருதும் மக்களின் வீட்டுக்குள் காலை ஆறு மணிக்கு அதை எப்படி ஒலிபரப்புவது? ஒலிபரப்பவில்லை என்று குறை கூறுவது எளிது. ஒலிபரப்பியிருந்தால் நேயர்களே மறுத்திருப்பார்கள். தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, நடவு, ஏற்றம் ஆகியவை வானொலிக்கு இசைந்தன. சாவும் வசையும் சாமியாட்டமும் இசையவில்லை. மூன்று தலைமுறை நேயர்களுக்கு நாட்டார் இசை என்றால் மகிழ்ச்சியான இசை என்ற எண்ணம் ஏற்பட்டதற்கு இத்தேர்வு ஒரு காரணம் என்பது என் கருத்து.

திரைப்பாடலையும் குறிப்பிட வேண்டும். பி.வி. கேஸ்கர் 1952இல் அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்கு இடம் சுருங்கியதும், நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியதும், 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியதும் பலமுறை எழுதப்பட்டவை. டிரான்சிஸ்டர் பரவலான பின் பஞ்சாயத்துத் திறவுகோலின் ஆட்சி முடிந்தது. வரப்போரத்தில் பெட்டி பாட, களை பறித்தவர்கள் கேட்டார்கள். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்து நாட்டார் மெட்டுகள் திரையில் பெருவெற்றி பெற்றபோது, கிராமம் தன் மெட்டை வானொலி வழியே கேட்கும் நிலை வந்தது. வயலில் பாட்டு நின்றதற்கு வானொலியையே குற்றவாளியாக்கும் போக்கு நம் ஆய்வேடுகளில் மிகுதி. இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் வந்து கரும்பு பரவிய நிலத்தில் நடவு வரிசையே குறைந்தது. பாடும் வேலை போன பின் பாட்டு மட்டும் எங்ஙனம் நிற்கும்?

மலைக்கு வராத அலை

இதுவரை கூறியது சமவெளி. மேற்கே கல்வராயன் மலையில் நிலைமை வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இது கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் எனப் பிரிக்கப்படும் இம்மலையின் வடபகுதி ஏறத்தாழ 2,700 அடியும் தென்பகுதி ஏறத்தாழ 4,000 அடியும் உயரம் கொண்டவை. வெள்ளிமலை, கரியாலூர் ஆகியவை கள்ளக்குறிச்சிப் பக்கத்து முதன்மை ஊர்கள். இங்கு வாழ்வோருள் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் கேரளத்தை நினைவூட்டினாலும் மலையை ஆள்பவர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ்.

காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தார் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்ற தோற்றக் கதையை லெஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடும் (1883) தர்ஸ்டனின் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளும் (1909) பதிவு செய்துள்ளன. இக்கதையை வாய்மொழியாகவும் பாட்டாகவும் தலைமுறைகள் சொல்லி வந்துள்ளன. அச்சில் நமக்குக் கிடைப்பதோ ஆங்கில அதிகாரியின் சுருக்கம். எழுத்து தவறவிட்ட குரலைப் பதிவு செய்யும் கருவி இருபதாம் நூற்றாண்டில் வந்தது. மலைக்கு வர அதற்கு மிகவும் காலம் பிடித்தது.

இதற்கு முதற்காரணம் ஆட்சிமுறை. மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியிலிருந்த கல்வராயன் மலை 1976இல்தான் அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தது. சமவெளியில் பஞ்சாயத்து வானொலி உச்சத்தில் இருந்த 1950களிலும் 60களிலும், கிராம மன்றங்கள் கேட்டு விவாதித்துச் செயல்படப் பழகிய ஆண்டுகளிலும், மலை ஜாகீரின் வரிக்கும் ஊழியத்துக்கும் உட்பட்டிருந்தது. கூட்டாகக் கேட்கும் பருவத்தைக் கடக்காமலேயே தனித்தனியாகக் கேட்கும் டிரான்சிஸ்டர் பருவத்துக்குள் மலை நுழைந்தது. வானொலி கேட்டதும் விவாதிக்க ஒரு மன்றம் என்ற அனுபவம் அங்கு இல்லை.

இரண்டாவது, வகைப்பாடு. நீலகிரியில் உதகமண்டலம் நிலையம் படகு மொழியில் நிகழ்ச்சி ஒலிபரப்புகிறது. மொழி வேறு என்பதால் தனி நிகழ்ச்சிக்கான நியாயம் அங்கே எளிதில் தெரிகிறது. தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடியினருள் எண்ணிக்கையில் முதலிடம் பெறும் மலையாளிகள் தமிழ் பேசுவதனால், மொழியடிப்படையிலான அவ்வேறுபாடு அவர்களுக்கு உதவுவதில்லை. அவர்களுக்கெனத் தனி ஒலிபரப்பு வேண்டும் என்பதற்கு மொழி சான்று தராது; அவர்கள் இசை 'கிராமிய இசை' என்ற பொதுப் பைக்குள் விழும். கிராமம் என்றதும் நெல்வயலும் ஏரியும் தோன்றும் அந்தப் பைக்குள் சாமையும் தினையும் விளையும் மலைச்சரிவுக்கு இடமில்லை. இதில் ஒரு முரண்நகையும் உண்டு. மலையாளிகளின் மலைகள் தொன்றுதொட்டு 'நாடு'களாகப் பகுக்கப்பட்டவை. நாட்டார் இசை என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளிலேயே உரியவர்கள் அவ்வகைப்பாட்டின் விளிம்பில் நிற்கிறார்கள்.

மூன்றாவது, அலையின் இயல்பு. மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்லும்; இரவில் வானிலிருந்து மீண்டும் நெடுந்தொலைவு சேரும். திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ், சென்னையின் 720, 1967இல் தொடங்கிய புதுச்சேரி நிலையத்தின் 1215 ஆகியவை மலைப்பகுதிக்கும் ஏதோ ஒரு தரத்தில் எட்டும் வகையின. பண்பலை அவ்வாறன்று. அது ஏறத்தாழப் பார்வைக்கோட்டில் செல்வது. இடையில் குன்று வந்தால் அதன் நிழலில் ஒலி மங்கும். 1990களுக்குப் பின் ஒலிபரப்பின் முதலீடும் நேயர்களும் பண்பலைக்கு மாறியபோது சமவெளிக்குக் கிடைத்தது தெளிவான ஒலி. மலையின் மடிப்புகளுக்குள் இருந்த ஊர்களுக்கோ, முன்பு இரைச்சலோடு கேட்டதும் கைவிட்டுப் போகும் நிலை. தொழில்நுட்ப முன்னேற்றம் எனப்படுவது எல்லா நிலத்துக்கும் முன்னேற்றமாக இருப்பதில்லை.

நூறு வாட்டின் எல்லை

அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு இவ்வரலாற்றின் திருப்பம். கல்வி நிறுவனங்களுக்கு முதலிலும், 2006 நவம்பர்க் கொள்கையின் வழியே தன்னார்வ அமைப்புகளுக்குப் பின்னரும் சமுதாய வானொலி உரிமம் கிடைத்தது. 2008 அக்டோபரில் இன்றைய தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி தொடங்கியது. உரிமம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவர்கள் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து நாடாவில் ஊர்க்கூட்டங்களில் ஒலிக்கச் செய்திருந்தனர். தமிழ்நாட்டில் பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 மீனவர்க்கானது. குறைந்தது பாதி நிகழ்ச்சிகள் உள்ளூரிலேயே தயாராக வேண்டும், உள்ளூர் வழக்குக்கு முன்னுரிமை வேண்டும் என்பவை இக்கொள்கையின் விதிகள். குரல் தேர்வு இல்லை. கால்மணி நேரக் கட்டாயம் இல்லை. ஆர்மோனியத்தைத் தடுப்பார் இல்லை. மேலே கண்ட தடைகளில் இரண்டு இங்கே விலகுகின்றன.

மூன்றாவதான அலை விலகவில்லை. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சு ஆற்றல் 100 வாட். தேவை மெய்ப்பிக்கப்பட்டால் 250 வாட் வரை. அலைவாங்கிக் கம்பம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேற்படக் கூடாது. சமதளத்தில் 30 மீட்டர்க் கம்பத்தின் பார்வைக்கோடு கணக்கின்படி 22 கிலோமீட்டர் அளவில் தரையைத் தொடும். நடைமுறையில் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை நன்கு கேட்கும். நாகப்பட்டினக் கடற்கரைக்கும் பாம்பனுக்கும் பொருந்தும் அளவு இது. வெள்ளிமலையின் பக்கத்தில் ஓர் உயர்ந்த மேட்டில் அதே கம்பத்தை நட்டால் நேர்மாறான விளைவு கிட்டும். சமவெளியிலிருந்து 800 மீட்டர் உயரத்தில் நிற்கும் புள்ளியின் பார்வைக்கோடு 100 கிலோமீட்டரைத் தாண்டும். கச்சிராயபாளையமும் சின்னசேலமும் கேட்கும். இரண்டு கிலோமீட்டரில் பள்ளத்தாக்கின் மறுபுறம் உள்ள மலைச்சிற்றூர் கேட்காது. கொடைக்கானலின் உச்சியிலிருந்து அகில இந்திய வானொலியின் கோடைப் பண்பலை தென்மாவட்டங்களை எட்டுவதும் இதே விதியால்தான். மலையின் நிலையம் மலைக்குப் பேசுவதைவிடச் சமவெளிக்கு எளிதாகப் பேசும்.

இதைக் குறையாக மட்டும் காண்பது சரியன்று. எண்பதாண்டுகளாகச் சமவெளி பேச மலை கேட்டது. திசை மாறினால் என்ன நேரும் என்பது பண்பாட்டு வரலாற்றாளர் புறக்கணிக்கக் கூடாத வினா. சமவெளி இம்மலையைப் பற்றி அறிந்திருப்பது பெரும்பாலும் பிறர் சொன்னவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது கல்வராயன் மலை பல நாள்கள் தலைப்புச் செய்தியில் இருந்தது, காய்ச்சும் இடம் என்ற ஒரே அடையாளத்தோடு. சென்னை உயர்நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்த பின்னர்தான் சாலை, மருத்துவம், பள்ளி பற்றிய பேச்சு எழுந்தது. அந்த வாரங்களில் மலைக்கு ஒரு வானொலி இருந்திருந்தாலும் அது இதைப் பற்றிச் செய்தி வாசிக்க முடியாது. சொந்தச் செய்தியறிக்கை சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படவில்லை, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்பு செய்யலாம். ஆனால் பாட்டுக்கும் கதைக்கும் கட்டியக்காரனின் பேச்சுக்கும் செய்தி என்ற பெயர் இல்லை. தெருக்கூத்து நெடுங்காலமாக ஊர்ச்செய்தியை அந்த இடைவெளியில்தான் வைத்திருக்கிறது.

பொருளாதாரம் பற்றிச் சுருக்கமாக. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நெறிமுறை, ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்குரிய அளவை 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும் அரசு விளம்பரக் கட்டணத்தைப் பத்து விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்த்தியது. கடைவீதி உள்ள ஊருக்கு இது உதவும். மரவள்ளியும் சாமையும் விற்று, பஞ்ச காலத்தில் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் வேலைக்குப் போகும் மக்களிடம் விளம்பரதாரர் வருவது அரிது. ஊரைவிட்டுப் போனவர்களே இவ்வானொலியின் முதல் நேயர்களாக அமையக்கூடும், அதன் ஒலிப்பதிவுகள் கைப்பேசி வழியே அவர்களைச் சேருமானால். அப்போது சங்கம் வானொலிப் பெண்கள் உரிமத்துக்கு முன்பு நாடாவில் செய்ததையே வேறு கருவியால் செய்ததாகும்.

இவ்வட்டாரத்துக்கு ஒரு நிலையம் அமைப்பதைப் பற்றி எண்ணுவோர் உரிமத்துக்கும் கருவிக்கும் முன்னால் நிகழ்ச்சி நேரத்தை எண்ண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் ஒன்பது என்ற வழக்கமான அட்டவணை திருச்சியிடமிருந்து கடனாகப் பெற்றது. அதைக் கையாண்டால் கால்மணி நேரக் கூத்தும் உடன்வரும். பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை நீளும் கூத்துப் பருவத்தில் வாரத்தில் ஒரு நாளேனும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை களத்திலிருந்தே ஒலிபரப்ப விதியில் எத்தடையும் இல்லை. அதற்கு வேண்டியவை இரண்டு ஒலிவாங்கிகள், களத்துக்கும் நிலையத்துக்கும் இடையே ஓர் இணைப்பு, அந்த எட்டு மணி நேரமும் அறுபடாத மின்சாரம்.